கட்டிலுக்கடியில் வெடிக்காதவை

1

குடியாத்தத்திலிருந்து அண்ணன் போன் பண்ணினால் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "அங்க நல்லா குளுகுளுன்னு இருக்குதாமே?" ஊரில் இருப்பவர்களுக்குப் பெங்களூர் என்றால் குளிர், பூ, ஐடி கம்பெனி. ஜோகுபாளையத்தில், பழைய கார்களை வாங்கி உடைக்கிற எங்கள் ஷெட்டுக்கு முன்னால், ஒரு ஹாலும் ஒரு அறையுமாகக் குடியிருப்பவளைக் கேட்டால் அல்லவா தெரியும்! கேஸ் கட்டர் ஓடுகிற நாளில் எங்கள் சமையலறைச் சுவரில் அப்பளத்தை ஒட்டினால் பொரிந்துவிடும். இதை அண்ணனிடம் சொன்னதில்லை. "ஆமாண்ணா, குளுகுளுன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு அண்ணியை விசாரிப்பேன்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் ஜெயசீலன் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தை மூடிய பிறகு தினமும் விடிகாலை ரயிலேறி இங்கே வேலைக்கு வந்து, ஒரு கட்டத்தில் திரும்பிப் போகிற ரயிலை விட்டுவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர். கார் உடைக்கிற இடத்தை இந்த ஊரில் குஜரி என்பார்கள். தமிழ், கன்னடம், உருது, யார் பேசினாலும் குஜரிதான். எங்கள் ஒரே மகள் அனிதாவைப் பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லாமல் "குஜரி" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அழுதுகொண்டு வந்தபோது நான் அந்தப் பிள்ளைகளின் வீடு தேடிப் போய்ச் சண்டை போட்டேன். கன்னடத்தில்தான் போட்டேன். என் கன்னடத்தைக் கேட்டு அவர்கள் சிரித்ததுதான் மிச்சம்.

அனிதா படித்ததெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் இதில் அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு தைரியம்.

2

ஆயுத பூஜை வந்தால் குஜரிக்காரர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். ஷெட்டைக் கழுவி, ஸ்பேனரிலிருந்து ஜாக்கி வரை பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த வருஷம் எனக்கு இன்னொரு அவசரமும் சேர்ந்துகொண்டது. அனிதாவுக்கு ஏழு மாதம். தீபாவளி கழிந்ததும் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே கூட்டி வர வேண்டும். நாங்கள் இருவரும் ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். கட்டில் போட்ட அறை அவளுடையது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அது இவருடைய சாமான் அறை ஆகிவிட்டது.

அவள் கல்யாணம் அவள் இஷ்டப்படி நடந்தது. மாப்பிள்ளை மஞ்சுநாத் கன்னடக்காரர், தங்கமான பையன், இவளோடு ஒரே ஆபீஸ். வேலை, வீடு, கார் எல்லாம் அவர்கள் இஷ்டம். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். செருப்பைக் கழற்றும்போதே கிளம்புகிற நேரத்தைச் சொல்லிவிடுவாள். நான் ஒன்றும் பேச மாட்டேன். ஆனால் பிரசவத்துக்கு அவள் என் வீட்டில்தான் வந்து படுக்க வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்த மூன்று மாதம்தான் அவள் எனக்கு மறுபடியும் மகளாகக் கிடைக்கிற காலம். அதுவும் போனால் அப்புறம் போட்டோவில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் பூஜைக்கு முந்தின நாள் அந்த அறையை ஒழிக்க ஆரம்பித்தேன். கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டேன். ஏதோ தடுத்தது. கட்டிலில் தொங்கிய போர்வையை விலக்கிப் பார்த்தால், என்னுடைய பழைய புடவையை விரித்து அதன்மேல் கறுப்புக் கறுப்பாக அடுக்கியிருந்தது. சில வட்டமாக, ஸ்டியரிங்கின் நடுப்பாகம் போல. சில நீளமாக, ரொட்டிப் பெட்டி மாதிரி. எல்லாம் குப்புறக் கிடந்தன. ஒன்றை இழுத்து எடுக்கக் கை நீட்டினேன்.

"ஏய், தொடாத!"

இவர் வாசற்படியில் நின்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை.

"இன்னாங்க இது?"

"ஏர்பேக்."

"கார் இடிச்சா வெடிச்சி தலகாணி மாதிரி வருமே, அதுவா?"

"அதுதான். ஒடைக்க வர்ற வண்டியில கழட்டினது. இது வெடிக்காதது."

"வெடிக்காததுன்னா?"

"இன்னும் வெடிக்காதது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மருந்து கீற சாமானா? வீட்டுக்குள்ளயா? ஷெட்டு எதுக்குக் கீது?"

"ஷெட்டுல தகரம் காயுது, கட்டர்ல பொறி பறக்குது. மருந்தைக் குளிர்ச்சியா, இருட்டா, ஈரமில்லாம வெக்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு. நம்ம வூட்டுல அந்த மாதிரி எடம் இதுதான்."

கேட்டீர்களா நியாயத்தை! அவர் அப்பா சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தவர். அந்தப் பழக்கத்தில் இவர் ஊரெல்லாம் தேடி, குளிர்ச்சியான இடம் என்று மகளின் கட்டிலுக்கடியைக் கண்டுபிடித்திருக்கிறார். குப்புற வைத்ததற்கும் ஒரு காரணம் சொன்னார். மூடியில் கம்பெனி முத்திரை இருக்கும், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் வாங்குகிறவன் வாங்க மாட்டான். முகத்தைக் கீழே வைத்துத் துணி விரித்து அடுக்குவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதானாம்.

"அப்ப வித்துத் தொலைக்கிறதுதானே?"

இவர் வெளியே போய்ப் பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவ ஆரம்பித்துவிட்டார்.

3

கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். போட்டோ எடுத்து, "உங்கப்பா வேலையைப் பாரு" என்று அனிதாவுக்கு அனுப்பினேன். அவளும் என்னோடு சேர்ந்து அப்பாவைத் திட்டுவாள், மனசு ஆறும் என்று நினைத்தேன். உடனே போன் வந்தது.

"மா, அது எங்க இருக்கு?"

"உன் கட்டிலுக்கடியிலடி."

அவள் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ படிக்கிற குரலில் சொன்னாள். "முகம் மேல பாக்கற மாதிரிதான் வெக்கணுமாம். கீழ பாத்து இருந்து வெடிச்சா, பின்னாடி இருக்கற அந்த இரும்பு அப்படியே மேல பறக்குமாம். மேல என்ன இருக்கு மா? கட்டில். கட்டில் மேல யாரு?"

"இப்ப யாரும் படுக்கறது இல்லடி."

"நான் பி.யூ.சி. படிக்கும்போதே என் புக்ஸ அங்க வெக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு. அப்பவே இருந்துச்சா?"

எனக்கே தெரியாதே.

"மா, நான் கோபத்துல சொல்லல. அதெல்லாம் அங்கிருந்து போற வரைக்கும் நான் வரல. பேபியை வெச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியாது. அத்தை இங்கயே வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அத்தை என்றால் சம்பந்தியம்மா. நல்ல மனுஷிதான். ஆனால் அந்த நிமிஷம் அவர் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அவர்கள் வழக்கத்திலும் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பெண்ணைப் பெற்றவள் உயிரோடு இருக்கும்போது மாமியார் வந்து பார்த்துக்கொண்டால் ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும், எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது?

அன்று நான் இவரை விடவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். விற்கவும் இல்லை, வெளியே போடவும் இல்லை, எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல வித்தேன். அப்புறம் விக்க மனசு வரல. வெடிக்க வெக்கலாம்னு சொன்னாங்க. அதுக்குக் கை வரல" என்றார். "எங்கப்பா ரெண்டு விரலு எப்படிப் போச்சி தெரியுமா? வெடிச்ச குழியில போவல செல்வி. எல்லாம் வெடிச்சி முடிஞ்சிதுன்னு உள்ள போனாரு. மருந்து அடைச்ச ஒரு குழி மட்டும் வெடிக்கல. அதுல கடப்பாரை பட்டுது. வெடிச்சதுகிட்ட எனக்குப் பயம் இல்ல. வெடிக்காததைத் தொடணும்னாதான் கை நடுங்குது."

"அதான் மக தலமாட்டுல வெச்சீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.

4

மறுநாளே ஒரு வழி கிடைத்ததுபோல் இருந்தது. நீலசந்திராவில் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் செய்கிற முருகேஷ் வந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்கா அக்கா டென்ஷன் ஆயினு கீறீங்க? மொத்தமா நான் எடுத்துக்கறேன். சாயந்தரம் ஆட்டோ அனுப்பறேன், பிந்தாஸா, கவலை இல்லாம இருங்க."

எனக்கு உயிர் வந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட்டும் வைத்தேன். அவன் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருக்கும்போதுதான், சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "எடுத்துனு போயி இன்னா பண்ணுவ?"

"கேரேஜுக்குக் குடுப்பேன்க்கா. அடிபட்ட வண்டியை ரெடி பண்ணி விக்கறாங்க இல்ல, அதுல மாட்டுவாங்க."

"மாட்டினா, இடிச்சா வெடிக்குமா?"

"வெடிச்சாலும் வெடிக்கும். டேஷ்போர்டுல அந்தச் சிவப்பு லைட்டு எரியக் கூடாது, அவங்களுக்கு அவ்ளோதான் வேணும்."

மாப்பிள்ளையின் கார் செகண்ட் ஹேண்ட். வாங்கின அன்று அனிதா போட்டோ அனுப்பியிருந்தாள். முன் சீட்டில், வயிற்றுக்குக் கீழே பெல்ட் போட்டுக்கொண்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவள் எதிரே அந்த டேஷ்போர்டுக்குள்ளே யார் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது இருக்கிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?

"ஆட்டோ அனுப்பாத முருகேஷு" என்றேன்.

"இன்னாக்கா, இப்பதானே சரின்னீங்க?"

"இப்ப வேணாங்கறேன். டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு."

அவன் போன பிறகு இவர் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "இதான் நானும் விக்காததுக்குக் காரணம்" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குப் பிடித்த ரசம் வைத்துக் கொடுத்தேன்.

5

அப்புறம் ஆரம்பித்தது ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல். இவருக்குக் கன்னடம் நன்றாக வரும், ஆனால் அதிகாரியைக் கண்டால் வாய் திறக்காது. எனக்கு வாய் திறக்கும், கன்னடம் வராது. இரண்டு பேரும் சேர்ந்து போனோம்.

போலீஸ் ஸ்டேஷனில் நான் முந்திக்கொண்டு, "மனேலி சிடியோது இதே சார்" என்றுவிட்டேன். வீட்டில் வெடிக்கிற பொருள் இருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள் எழுந்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரரும் எழுந்துவிட்டார். எங்களை உட்கார வைத்து ஆதார் கார்டை வாங்கிக்கொண்டு, பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் கேட்டார்கள். "தமிழ்நாடா?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார்கள். காரில் இருக்கிற ஏர்பேக் என்று இவர் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. கடைசியில் சிரித்துவிட்டு, "இது நம்தல்லம்மா" என்று அனுப்பினார்கள். எங்களுடையது இல்லை என்பது அதன் பொருள். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு போன இடத்திலெல்லாம் கேட்டேன். தீயணைப்பு நிலையத்திலும் அவர்களுடையது இல்லை. குப்பைக்கு இருக்கிற ஆபீஸிலும் இல்லை. கண்ணாடி மாளிகை போலிருந்த கார் ஷோரூமில், எங்கள் வண்டியில் கழற்றியதா, வண்டியின் பேப்பர் எங்கே என்றார்கள். வண்டியே உடைந்து உருகிப்போன பிறகு பேப்பருக்கு எங்கே போவது?

கடைசியில் ஊருக்கு வெளியே, பழைய வண்டிகளைச் சட்டப்படி உடைக்கிற ஒரு பெரிய நிலையத்துக்குப் போனோம். அங்கே பிரான்சிஸ் என்று ஒருவர். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், தமிழர். எனக்குக் கோயிலில் சாமியைப் பார்த்த மாதிரி இருந்தது. அவரோ எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் சார் கழட்டினீங்க? வண்டியோட கொண்டாந்திருந்தா உள்ளயே வெச்சு, ஒயர் குடுத்து, தூரத்துல நின்னு வெடிக்க வெச்சு முடிச்சிருப்போம். வெடிச்சிட்டா அது வெறும் துணி, வெறும் இரும்பு. கழட்டினதை நாங்க வாங்க முடியாது. நீங்களும் ரோட்டுல ஏத்தினு வரக் கூடாது."

"அப்ப நாங்க இன்னாதான் பண்றது?" என்றேன்.

"வீட்ல வெக்கக் கூடாதும்மா."

"அது தெரியும்! வீட்டுல வெக்கக் கூடாது, ஷெட்டுல வெக்க முடியாது, விக்கக் கூடாது, வீசக் கூடாது, வண்டியில ஏத்தவும் கூடாது. என் மக பிரசவத்துக்கு வரணும் சார். இது போனாதான் வருவேன்னு நிக்கறா."

அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அழுதுகொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. என் கதையும் இதேதான். குடியாத்தத்து வீட்டில் இப்போது அண்ணன் பிள்ளைகள், எனக்கு அங்கே விருந்தாளி மரியாதை. இங்கே ஸ்டேஷனில் தமிழ்நாடா என்று கேட்கிறார்கள். அங்கே போனால், பெங்களூர்க்காரி வந்துட்டா என்கிறார்கள். எந்த ஆபீஸில் போய் நின்றாலும் என்னையும் எங்களுடையது இல்லை என்றுதான் சொல்வார்கள்.

பிரான்சிஸ் தண்ணீர் கொடுத்தார். யோசித்தார். அவருடைய மேலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒரு லீவு நாளில் அவரே கருவிகளோடு வந்து எங்கள் ஷெட்டிலேயே முடித்துத் தருவதாகவும், ஸ்டேஷனில் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். மறுபடியும் அதே ஸ்டேஷன். அதே கான்ஸ்டபிள். இந்தத் தடவை என்னைப் பார்த்ததுமே சிரித்தார். "ஹப்பத தின மாட்கொள்ளி, யாரூ கேளல்லா" என்றார். பண்டிகை அன்று செய்துகொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஊரே வெடிக்கிற தீபாவளியன்று எங்கள் வெடிச் சத்தத்தை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

6

தீபாவளி அன்று காலையில் பலகாரத் தட்டோடு அக்கம்பக்கம் எல்லா வீட்டுக்கும் போனேன். முறுக்கைக் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஷெட்டில் பெரிய சத்தம் கேட்கும், பயப்படாதீர்கள், பிள்ளைகளை இந்தப் பக்கம் விடாதீர்கள் என்று சொன்னேன். இப்படி ஒரு தீபாவளி வாழ்த்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிரான்சிஸ் வந்தார். தன் வீட்டில் இன்று பண்டிகை இல்லாததால் வீட்டம்மா விட்டுவிட்டார் என்றார். ஷெட்டின் நடுவில் லாரி டயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். உள்ளே ஒவ்வொன்றாக வைத்து, முகம் வானத்தைப் பார்க்க இறுக்கிக் கட்டி, நீள ஒயரைச் சுவருக்குப் பின்னால் இழுத்து வந்து பேட்டரியில் கொடுப்பது அவர் வேலை. கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வருவது இவர் வேலை. நெஞ்சோடு அணைக்கக் கூடாது, மூடி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும் என்று பிரான்சிஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் ஒன்றைத் தூக்கி வரும்போது இவர் கை நடுங்கியது எனக்கு ஹாலிலிருந்தே தெரிந்தது. போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் பிரான்சிஸ் என்னைச் சுவருக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டார்.

"சார், ஸ்விட்ச நீங்க அமுக்கறீங்களா?"

இவர் தலையை ஆட்டினார். "நீங்க அமுக்குங்க. நான் சத்தம் குடுக்கறேன்."

சுரங்கத்தில் அவர் அப்பா கொடுத்த சத்தம் அது. கையை வாயருகே குவித்து, "வெடீ... வெடீ... வெடீ..." என்று மூன்று முறை. அதற்குப் பிறகுதான் பிரான்சிஸ் அமுக்கினார். நெஞ்சில் அறைந்ததுபோல் ஒரு சத்தம். டயர்கள் துள்ளின. வெள்ளையாகப் புகை வந்தது. பிரான்சிஸ் எழுவதற்கு முன்னாலேயே இவர் கையை நீட்டித் தடுத்து, "இருங்க, ஆறட்டும்" என்றார்.

ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று சத்தம், அதே காத்திருப்பு. நான் போனில் அனிதாவைப் பிடித்துக் கேட்கச் செய்தேன். அவள் நம்ப வேண்டுமே.

"மா, ஒவ்வொரு சத்தத்துக்கும் உள்ள உதைக்குது" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு, "அப்பா குரல் ஏன் அப்படி இருக்கு?"

"புகைடி" என்றேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் பார்த்தால், அழுக்கு வெள்ளைத் துணிகள் தொய்ந்து கிடந்தன. இத்தனை பயமும் இதற்குத்தானா என்று இருந்தது. பிரான்சிஸ் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பொடியைத் தட்டி ஒதுக்கினார். "இனிமே இது சாதாரண ஸ்கிராப். இனி ஒண்ணைக்கூடக் கழட்டாதீங்க சார். வண்டியோடவே எங்ககிட்ட அனுப்பிடுங்க."

7

வளைகாப்பு முடிந்து அனிதா வந்தாள். இரண்டு கை நிறைய வளையல். அறை வாசலில் வந்ததும் நின்றுவிட்டாள்.

"மா, கீழ பாரு."

அவளால் குனிய முடியாது. நான் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லடி."

"டார்ச் அடிச்சுப் பாரு."

அடித்தேன். கழுவியும் போகாத வட்ட வட்டக் கறை. சுவரோரம் அவளுடைய பழைய ஹவாய் செருப்பு ஒன்று. அதைத் தவிர எதுவும் இல்லை. அப்புறம்தான் அவள் வந்து படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தூங்குவாளே, அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அன்று சாயந்தரமே வாசலில் ஹார்ன் சத்தம். இழுவை வண்டி ஒன்று புத்தம்புதுக் கார் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தது. பூஜைக்கு முன்னாலேயே இவர் பேசி வைத்திருந்த வண்டியாம். பின்னால் லாரி இடித்து டிக்கி சப்பையாகியிருந்தது. முன்பக்கம் அலுங்காமல் இருந்தது. எனக்கு இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். கண்ணாடியில் முகத்தை ஒட்டி ஸ்டியரிங்கைப் பார்த்தேன். மூடி கிழியவில்லை. பக்கத்து சீட்டுக்கு எதிரிலும் கிழியவில்லை. இரண்டும் வெடிக்காதவை. இந்தக் காலத்து வண்டியில் பக்கவாட்டிலும் இருக்குமாம்.

"எல்லி இளிஸ்லி அம்மா?" என்றார் டிரைவர். எங்கே இறக்கட்டும் என்று கேட்கிறார். நான் இரும்புக் கேட்டுக்கு நடுவில் கையை விரித்து நின்றுகொண்டேன்.

"கழட்ட மாட்டேன் செல்வி" என்றார் இவர். "பிரான்சிஸ்கிட்ட பேசிட்டேன். அவங்க எடத்துல வரிசை கீதாம். கூப்பிடறேன்னாரு. அதுவரைக்கும் ஒரு ஸ்குரூகூடத் தொட மாட்டேன். அனிதா தல மேல சத்தியமா."

"அவ தலையை எதுக்கு இழுக்கறீங்க!" என்று நான் போட்ட கத்தலில் அவள் எழுந்துவிட்டாள்.

ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. காரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வெடிச்சிருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லடி" என்றேன்.

அவள் ஜன்னலை விட்டு உள்ளே போனாள். பெட்டியை எடுக்கிறாள் என்று நினைத்து ஓடினேன். என் கால் எனக்கு முன்னால் ஓடியது. அவள் பெட்டியைத் தொடவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்திருந்தாள்.

"அப்பாவைக் கூப்பிடு மா. இதை அந்தச் சுவரோரம் இழுக்கணும்."

நானும் இவரும் இழுத்தோம். அவள் வழி சொன்னாள். கட்டில் இப்போது ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, இந்த வீட்டில் காரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரத்தில் கிடக்கிறது. கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பிரான்சிஸ் கூப்பிடவில்லை. அனிதா போகவில்லை. ஜன்னலை மட்டும் நாங்கள் திறப்பதில்லை.